கிழங்கை விட்டுவைத்தவர்

முப்பத்தோராண்டுகள் மருத்துவமனைப் புல்தரையைப் பராமரித்து ஓய்வுபெற்ற தோட்ட மேற்பார்வையாளருக்குக் கோரையைத் தெரியாமல் இல்லை. பார்வைக்குப் புல்தான், தண்டை உருட்டினால் மூன்று விளிம்புகள் விரலில் தட்டுப்படும். மேலாக இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். மண்ணுக்குள் தங்கிய கிழங்கு இரண்டே வாரத்தில் மீண்டும் முளைக்கும். களைக்கொத்தை ஆழ இறக்கிக் கிழங்கோடு பெயர்ப்பதே முறை. வேலையாட்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுண்டு.

ஆயினும், மனைவி இறந்த பிறகு, தம் வீட்டில் அவர் மேலாகத்தான் இழுத்தார். கோரை வேலிக்கடியில் புகுந்து அப்பால் தலைநீட்டும்போதெல்லாம் பக்கத்து வீட்டு டீச்சர் சண்டைக்கு வருவார். அவரோடு பேச வந்த ஒரே ஆள் அந்த டீச்சர்தான்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆஸ்பத்திரியையே கட்டி மேய்ச்சவரு, கோரைகிட்ட தோத்துட்டீங்களேண்ணே! நாங்களும் தோத்துட்டோம். திங்கக்கிழமை தரை முழுக்கக் கல் பதிக்கிறோம். இனிமே உங்களுக்கு என் தொல்லை இருக்காது."

ஞாயிறு முழுவதும் அவர் வேலியோரத்தைத் தோண்டினார். மாலையில் கிழங்கு நிறைந்த வாளியை வேலிக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"கிழங்கோட எடுத்துட்டேன் டீச்சர். உங்க பக்கமும் நானே எடுத்துத் தர்றேன். கல்லு வேண்டாம்மா."

"அடேங்கப்பா! இவ்வளவு சுத்தமா எடுக்கத் தெரிஞ்சவரு ஏண்ணே இத்தன நாளா எடுக்கல?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தது.

"முதுகு வலிம்மா," என்றார்.

"ஐயோ, அப்ப உங்கள வேலை வாங்கக் கூடாதுண்ணே. கல்லே போட்டுடறோம்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே கல் ஏற்றிய லாரி வந்து நின்றது.