அக்காவின் அறைக்கு நான் போட்ட எஸ்டிமேட்

பெரம்பலூர் யூனியன் ஆபீஸில் ஓவர்சியராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எழுபதுகளின் நடுவில் அந்த வேலைக்கு இருந்த மவுசை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ஒரு டேப்பு. இதோடு நடந்து போனால் டீக்கடையில் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்வார்கள். தலைக்கனம் ஏற வேறென்ன வேண்டும்? யாராவது ஒரு காலியிடத்தைக் காட்டினால் போதும், இவ்வளவு செங்கல், இவ்வளவு மணல், இவ்வளவு கூலி என்று நின்ற இடத்திலேயே அளந்து விடுவேன். பாதி சரியாக இருக்கும். மீதியை யாரும் சரிபார்த்ததில்லை.

என் அக்காவைக் குரும்பலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. சைக்கிளை மிதித்தால் முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்விடுவேன். பாசம் பாதி, மெஸ் சாப்பாட்டிலிருந்து தப்பிக்கும் ஆசை பாதி. அக்கா வீட்டில் ஒரே கூடம், ஒரு அடுப்படி, பின்னால் மாட்டுக்கொட்டகை. அதற்குள் மாமியார், மாமா, மாமாவின் தம்பிகள் இரண்டு பேர், அக்கா, அவளுடைய இரண்டு பிள்ளைகள். மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. பருத்தியும் சோளமும் போடுகிற குடியானவர். கையை இறுக்கிப் பிடிப்பவர், ஆனால் கெட்ட மனிதர் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கூடத்தில் மாமாவின் தம்பிகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதுகை மூடி முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். நான் வந்த சத்தம் கேட்டும் அவளால் திரும்ப முடியவில்லை. "வாடா தம்பி, சாப்புட்டியா?" என்று சுவரிடம்தான் கேட்டாள்.

பிறகு அடுப்படிக்குள் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"கொல்லைப் பக்கம் ஒரு ரூம்பு வேணும்டா. பெருசால்லாம் வேணாம். சாத்தித் தாப்பா போட்டுக்கற மாதிரி ஒரு கதவு இருந்தாப் போதும். பொடவை மாத்தணும்னா இவங்கள்லாம் காட்டுக்குப் போற வரைக்கும் ஈரத்தோட நிக்கறேன். மாமா இந்த வருசம் பருத்திப் பணத்துல கட்டலாம்கறாங்க. நாலாயிரம்தான், அதுக்கு மேல ஒத்தப் பைசா கெடையாதுங்கறாங்க. நீதான் கணக்குப் போட்டுத் தரணும்."

"இவ்வளவுதானே? இதெல்லாம் எனக்கு ஜுஜுபிக்கா" என்றேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போனேன். பன்னிரண்டுக்குப் பத்தடி, ஒரு கதவு நிலை, ஒரு ஜன்னல், மேலே மங்களூர் ஓடு. கூடத்தின் பின்சுவரோடு ஒட்டி எழுப்பவேண்டிய அறை. சிமெண்டுக்குத் தாலுகா ஆபீஸில் பர்மிட் வாங்கவேண்டிய காலம் அது. 'அதை என்கிட்ட விடுங்க மாமா' என்று அதற்கும் பீற்றிக்கொண்டேன். கொல்லையில் நாலு இடத்தில் கடப்பாரை போட்டுப் பார்த்தேன். நல்ல கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். கோடையில் அந்த வெடிப்பில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட மண்ணில் அஸ்திவாரம், எங்கள் பக்கத்துப் பேச்சில் கடக்கால், ஐந்தடியாவது போகவேண்டும், அடியில் மணல் நிரப்பவேண்டும் என்று படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். ஐந்து என்றுதான் எழுதினேன்.

கூட்டிப் பார்த்தால் நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வந்தது.

அக்கா பக்கத்தில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அஞ்சாவது வரை படித்தவள், எண் தெரியும். தொகையைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. "இதப் பார்த்தா மாமா வேணாம்னுடுவாங்கடா. கொஞ்சம் கொறச்சுப் போடேன். எப்படியாவது நாலாயிரத்துக்குள்ள கொண்டாந்துடேன்" என்றாள்.

எதில் குறைப்பது? அறையைச் சுருக்கினால் கட்டில் போட்ட பிறகு கதவு திறக்காது. செங்கல் விலையில் கை வைத்தால் மாமா கண்டுபிடித்துவிடுவார், சூளைக்காரர் அவருக்குப் பழக்கம். மரம், ஓடு, கூலி எல்லாமே அவருக்கு அத்துப்படி. அவருக்குத் தெரியாதது மண்ணுக்குக் கீழே இருக்கிற சமாச்சாரம் ஒன்றுதான். ஆழம் என்ற கட்டத்தில் இருந்த ஐந்தை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். மணலை எடுத்தேன். தொகை இறங்கி வந்தது. தபாலாபீஸில் என் பெயரில் எழுநூறு ரூபாய் இருந்தது, கைக்கடிகாரத்துக்கென்று சேர்த்தது. அது அப்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் புளுகு.

"என்னத்தடா அடிச்சே?" என்றாள் அக்கா.

"அது மண்ணுக்குள்ள போறதுக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

வேலைக்கு வந்த கொத்தனார் வயதானவர், பேச்சு குறைவு. கடக்கால் தோண்டிய அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன், மேற்பார்வை. மூன்றடி ஆனதும் நிறுத்தச் சொன்னேன். அவர் குழிக்குள் நின்றபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, கரிசலுங்க. மூணடி தாங்காதுங்க. இன்னும் ரெண்டடி போயிட்டா கெட்டி மண்ணு வந்துடும்."

"எஸ்டிமேட்டுல என்ன இருக்கோ அதைச் செய்ங்க. படிச்சவனுக்குத் தெரியாதா?"

அக்கா மோர்ச் சொம்போடு பக்கத்தில்தான் நின்றாள். கொத்தனார் மோரை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். அதுவரை தம்பி என்றவர் சார் என்று சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன், மடையன்.

ஆடிக்கு முன்னால் அறை முடிந்துவிட்டது. முதல் நாள் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. மாமியார்கூட, "உள்ள என்னத்த வச்சுப் பூட்டிருக்கா?" என்று கேலி செய்தாள். அக்கா வெளியே வந்தபோது தலை சீவி, வேறு புடவை கட்டி, சிரித்த முகமாக இருந்தாள். அந்த மூன்று மாதம்தான்.

ஐப்பசி மழையில் மண் உப்பியது. நிலை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, கதவு பாதியில் இறுகி நின்றது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவின் அடியை இழைத்தார்கள். சித்திரையில் மண் காய்ந்து இறங்கியபோது நிலை மறுபக்கம் சாய்ந்தது. இப்போது கதவு சாத்தும், ஆனால் தாழ்ப்பாள் அதன் துளைக்கு அரை விரல் கீழே நிற்கும். புது அறை பழைய சுவரைவிட்டு விலகி, மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்று அறைக்குள்ளிருந்தே பார்க்கலாம். அப்படியென்றால் கூடத்திலிருந்து அறைக்குள்ளும் பார்க்கலாம்தானே? அக்கா விரிசலில் பழந்துணியைத் திணித்தாள். புடவை மாற்றும்போது அம்மிக் குழவியை உருட்டி வந்து கதவுக்கு முட்டுக்கொடுப்பாள். யாராவது தெரியாமல் தள்ளினால் குழவி உருண்டு கதவு ஆவென்று திறந்துகொள்ளும்.

அந்த வருஷம் ஊர்த் திருவிழாவுக்கு நான் போயிருந்தேன். கறிச் சோறு. நான் இலையில் உட்கார்ந்திருக்கும்போது மாமா அந்தக் கொத்தனாரை வரவழைத்து விரிசலைக் காட்டினார்.

"என்னய்யா இது? ஒரு வருசம் தாங்கலையே. கூலி வாங்கறப்ப எண்ணி வாங்குனியே?"

"கடக்கால் பத்தலைங்க. மூணடிதான் தோண்டுனது. அன்னிக்கே சொன்னேங்க."

"யார்கிட்ட சொன்னே? எவன் மூணடி போதும்னான்?"

கொத்தனார் விரிசலை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பிசைந்த சோறு அப்படியே விரலில் நின்றது. அப்போது அடுப்படி வாசலில் குழம்புச் சட்டியோடு நின்ற அக்கா சொன்னாள்.

"நான்தாங்க கொறைக்கச் சொன்னேன். நாலாயிரத்துக்குள்ள முடியணும்னு."

மாமா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். பொட்டச்சி புத்தி என்றார், ரத்தம் சிந்திச் சம்பாதித்த பருத்திப் பணம் என்றார், உன்னை யாருடி கொத்தனாரிடம் பேசச் சொன்னது என்றார். மாமியார் வேறு தன் பங்குக்கு. அக்கா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. 'மாமா, அக்கா கொத்தனாரிடம் பேசவேயில்லை, பேசியது நான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கொழுக்கட்டை இல்லை, அவள் சமைத்த கறி இருந்தது. அவள் வந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.

எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். தம்பியின் மானத்தைக் காப்பாற்ற அக்கா ஒரு பொய் சொன்னாள், நான் உண்மையைச் சொன்னால் தாய்வீட்டுப் போக்குவரத்தே அறுந்துபோகும், அதனால் அவளுக்குத்தான் கஷ்டம். எவ்வளவு சௌகரியமான சமாதானம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகள் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று ஆனது. ஆபீஸில் வேலை அதிகம் என்றேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூருக்கு மாற்றலாகி, கல்யாணமும் ஆகி, ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு சின்ன வீட்டை வாங்கினேன். சிமெண்டுத் தூசியும் லாரியுமாக இருக்கும் ஊர். பையன் பிறந்ததும் பின்னால் ஒரு அறை கட்டவேண்டி வந்தது. எஸ்டிமேட் போட உட்கார்ந்தேன். ஆழம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா ஓடவில்லை. ஆறு என்று எழுதினேன். அந்த ஊர் மண்ணுக்கு ஐந்தே அதிகம். "சார், ரூம்பு கட்டறீங்களா, கெணறு வெட்டறீங்களா?" என்று கொத்தனார் கேட்டார். "பணத்தைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள பொதைக்கறீங்களே" என்று என் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதற்கென்று அவளிடம் நான் சொல்லவில்லை.

பால் காய்ச்சுகிற நாளுக்கு அக்காவும் மாமாவும் வந்தார்கள். மாமா அறையைச் சுற்றி வந்து, சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார்.

"இதான் வேலை! மாப்ளே, ஒரு மயிரிழை ஓடலையே. நம்ம வூட்டுலயும் நீ போட்ட கணக்குப்படி விட்டிருந்தா இப்படித்தான் நின்னிருக்கும். இவ நடுவுல பூந்து கெடுத்தா."

ஆறு ஏழு வருஷமாக அதே பாட்டு. அவள் பழகிப்போனவளாக நின்றாள். நான் "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"காபி ஆறுதுங்க, மொதல்ல குடிங்க" என்றாள் அக்கா. மாமா டம்ளரை வாங்கிக்கொண்டார். நானும் விட்டால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் புறப்படுமுன் அக்கா பட்டுப்புடவையை மாற்ற அந்த அறைக்குள் போனாள். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் ஒரே தள்ளலில் விழுந்தது. நான் வெளியே அவள் பையை வைத்துக்கொண்டு நின்றேன். மாமா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவள் நூல்புடவையில் வெளியே வந்தாள்.

"எத்தனை அடிடா தோண்டுனே?"

"ஆறுக்கா."

"எனக்கும் மொதல்ல அஞ்சுதான் எழுதுனே." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "நான்தான் கொறைக்கச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்திருந்தா அடுத்த பருத்தியில மாமாவே கூடப் போட்டிருப்பாங்க. எனக்குத்தான் பொறுக்கலை. ஒன் கணக்கையும் கெடுத்து, அவங்க பணத்தையும் கெடுத்தேன். நீ என்னடா பண்ணுவே?"

அத்தனை வருஷமும் எனக்காக அவள் பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பொய்யே சொல்லவில்லை. அடுப்படி வாசலில் நின்று மாமாவிடம் சொன்னதை அவள் நிஜமாகவே நம்பியிருக்கிறாள். குழவியை உருட்டிய ஒவ்வொரு நாளும் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ குறைக்கச் சொன்னது தொகையை அக்கா, ஆழத்தைக் குறைத்தது நான், கொத்தனாரின் வாயை அடைத்ததும் நான். இதை இங்கே எழுத முடிகிறது. அன்று வாசலில் மாமா, "பஸ் போயிடும், வாடி" என்று கத்தினார். நான் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். படியில் திரும்பிப் பார்த்தால் அவள் வரவில்லை. சீப்பை மறந்துவிட்டேன் என்று உள்ளே போனவள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, மறுபடியும் ஒருமுறை சாத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.