சாம்பல் ரோட்டுக்குத் தண்ணீர் விட்டவர்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த ஒச்சம்மாள், பனியன் கம்பெனியில் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர் நூலை வெட்டிக்கொண்டிருந்தார். கண் மங்கி, நூலோடு துணியையும் வெட்டிவிட ஆரம்பித்த பிறகு ரோட்டு வேலைக்குப் போனார். புதிதாகப் போட்ட கான்கிரீட்டின் மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். வெயிலில் காய விடக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

அனுப்பர்பாளையத்தில் ஒரு சந்துக்கு ரோடு போட்டபோது, சிமெண்டைக் கொஞ்சம் குறைத்து அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்தார்கள். மாவு மாதிரி பறக்கிற அது ரோடாகும் என்று ஒச்சம்மாளுக்கே நம்பிக்கையில்லை.

"மெதுவாத்தான் இறுகுமுங்கக்கா. இறுகிருச்சுன்னா அசையாது. வளக்கத்தைக் காட்டியும் ஒரு வாரம் சேத்தித் தண்ணி உடோணும்," என்றார் இன்ஜினியர் கோமளா.

அந்தக் கூடுதல் வாரத்தில்தான் சிக்கல் வந்தது. சந்துக் கோடியில் பனியன் கம்பெனி வைத்திருந்த மகுடேஸ்வரன் அன்றைக்கே சரக்கு அனுப்பியாக வேண்டும். லாரி மெயின் ரோட்டில் வந்து நின்றது.

"ஏனுங்கம்மா, கல்லாட்டம் இருக்குதுங்களே. தடுப்பை எடுத்து உடுங்க, ஒரே நடைதான்."

"எனக்கும் அப்படித்தான்யா தெரியுது. ஆனா இன்ஜினியரம்மாவக் கேக்காம எடுக்க மாட்டேன்."

ஆள் நடக்கலாம், லாரி கூடாது என்று போனில் கோமளா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சாம்பலைக் கொட்டிப்போட்டு எங்க பொழப்பைக் கெடுக்கறீங்க!" என்று சத்தம் போட்டார் மகுடேஸ்வரன்.

சரக்கு தவறினால் கம்பெனி என்ன பாடுபடும் என்று ஒச்சம்மாளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாட்களில் திட்டு வாங்கியவர்தான் அவர். ஓரத்துப் பாத்திகளை வெட்டித் தண்ணீரை வடித்தார். ரோடு காயாமலிருக்க, நடக்குமளவுக்கு ஈரச்சாக்கை விரித்தார்.

"பெட்டியத் தலையில கொண்டு போயிருவோம்யா. நானும் தூக்குறேன்."

டெய்லர்களும் பனியன் மடிக்கிற பெண்களும் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் வரிசையாக நடந்தார்கள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்ற மகுடேஸ்வரனும் ஒரு பெட்டியைத் தூக்கினார். ஒச்சம்மாளுக்கு மூச்சு வாங்கியது. பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். லாரி கிளம்பியதும் எழுந்து மறுபடி பாத்தி கட்டினார்.

ரோடு திறந்த அன்று அவர் வேறு தெருவில் இருந்தார். மழைக்காலம் முடிந்து கோமளா போன் செய்தார். ரோட்டில் ஒரு விரிசல்கூட இல்லையாம். மகுடேஸ்வரன் தன் கம்பெனி வாசலுக்கும் சாம்பல் கலந்தே போடுகிறாராம். தண்ணீர் விட ஒச்சம்மாளே வர வேண்டும் என்கிறாராம்.

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

"வாரேன். குழாய் பக்கத்துல இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா."

இருந்தது. மறுநாள் காலையில் மண்வெட்டியோடு போய் இறங்கினார்.