ஷாமினிக்கு நான்காம் நிலை

மலேசியாவில் பீடோர் அருகே பழைய தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் விவியன் டீச்சர், அன்று மாலை நாலே முக்காலுக்குள் ரேங்க் கேட்ட பதினெட்டுப் பெற்றோரிடம் ஒரே பதிலைச் சொல்லி ஓய்ந்திருந்தார். வகுப்பில் இப்போது முதலிடம், கடைசியிடம் கிடையாது; பிள்ளைக்கு என்ன வருகிறது என்று காட்ட ஆறு நிலைகள்தான், ஆறாவதே உச்சம்.

பத்தொன்பதாவதாக, மகளோடு வந்தவர் லோரி ஓட்டும் கோகிலன். ஷாமினியின் அறிவியல் தாளில் பாதி வெறுமையாக இருந்தது. அறிக்கையிலோ நான்காம் நிலை.

“பாவம் பாத்துப் போட்டுட்டீங்களா டீச்சர்? இவள டவுன் ஸ்கூலுக்கு மாத்திடலாம்னு இருக்கேன்லா.”

வாதாட விவியனுக்குத் தெம்பில்லை. எரியாத டார்ச்லைட் ஒன்றை எடுத்து ஷாமினியிடம் நீட்டினார். “அன்னிக்கு வகுப்புல வாயால சொன்னத அப்பாகிட்ட சொல்லும்மா.”

ஷாமினி அதைக் கழற்றினாள். “பேட்டரி நல்லாதான் இருக்குப்பா. இந்தத் தகடு துருப்பிடிச்சிருச்சு, அதான் கரண்ட் போகல.” துருவைச் சுரண்டி மூடினாள். விளக்கு எரிந்தது.

கோகிலன் அதை இருமுறை போட்டு அணைத்துப் பார்த்தார். “சரி, இங்கயே படிக்கட்டும்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “இருந்தாலும் டீச்சர், க்ளாஸ்ல எத்தனாவதுலா?”

விவியன் பெருமூச்சுவிட்டு இருபதாவது பெயரைக் கூப்பிட்டார்.