மண்ணெண்ணெய்த் திருடன்

நேற்று என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தி, கவிழ்த்து வைத்து, ஒழுகுகிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மட்டம் குறைந்திருந்தது. வால்வைப் பார்க்காமல் மனைவியின் கையை முகர்ந்து பார்த்த புத்திசாலி நான்.

அந்த வாடையில் இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கராஜ் வந்து நின்றது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கட்டடத்தின் பின்னால், ஆசிட் நெடியும் கிரீஸ் நெடியும் கலந்து கிடந்த, இன்று அடையாளமே இல்லாத தகரக் கொட்டகை. அங்கேதான் அப்பா, மோர் கடைவதுபோல் உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டி, தோட்டத்தை நிர்வகித்த துரையுடைய ஸ்போர்ட்ஸ் காரின் வால்வுகளைத் தேய்ப்பார். சனிக்கிழமைக்குள் கார் ஓடாவிட்டால் கராஜ் வேலை அவிசாவளை மெக்கானிக்குக்குப் போய்விடும். அப்பா மறுபடி ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகவேண்டும். ஊற்றிய மண்ணெண்ணெயோ குறைந்துகொண்டே இருந்தது. தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் மண்ணெண்ணெய் குறைந்தால் யாரும் வால்வைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

"யாரோ எடுக்கிறாங்க," என்று அப்பா அம்மாவையே பார்த்தார்.

"ஆமாங்க, கரண்டியில மொண்டுதான் அடுப்பு பத்த வைக்கிறேன்," என்றாள் அம்மா.

என்னைக் காவலுக்கு உட்கார வைத்தார். என்னையும் நம்பாமல் தானும் உட்கார்ந்தார். எங்கள் நாலு கண்ணுக்கும் முன்னாலேயே மண்ணெண்ணெய் மெதுவாக இறங்கியது. அப்பா வால்வு தேய்க்கும் குச்சியை மறுபடி கையில் எடுத்தார்.

"அம்மாகிட்ட சொல்லிறாதடா."

சனிக்கிழமை கார் ஓடியது. திருடனைப் பிடித்தாச்சா என்று அம்மா வருஷக்கணக்காகக் கேட்டாள்.

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்," என்பார் அப்பா, என்னை முறைத்தபடி.