எங்கள் ஏரிக்கு வந்த பாய்மரப் படகு

படகுத்துறையில் வேலை பார்க்க நீச்சல் தெரிய வேண்டியதில்லை, கோபத்தை விழுங்கத் தெரிந்தால் போதும். டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் உங்களுக்கு இது புதிதல்ல.

கொடைக்கானலுக்கு அப்பால் ஒரு சின்னத் தனியார் ஏரியில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்மரம் ஓட்டக் கற்றிருந்தேன். நேரில் பேசக் கூச்சம். கடிதமாக எழுதிக்கொடுத்தே ஒரு பாய்மரப் படகுக்கு முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். சீசன் தொடங்குவதற்குள் அது ஓடினால் நானே ஓட்டலாம். இல்லையென்றால் அந்த இடத்தில் இன்னொரு பெடல் படகு. எனக்குக் கவுண்டரே கதி.

அடைத்த பிளவு

கன்னிவாடியில் கதவு, கட்டில் செய்யும் ஆசாரி ஒருவர் வரைபடத்தைப் பார்த்துச் செய்ய ஒப்புக்கொண்டார். இந்தப் படகின் அடியில் நீளமாக ஒரு பிளவு வேண்டும். அதன் வழியே ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினால்தான் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாது. பிளவைச் சுற்றிப் பெட்டி கட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே வராது. அம்புக்குறி போட்டு எழுதியே கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பெட்டியும் இல்லை, பிளவும் இல்லை. அடிப்பலகை மழமழவென்று இருந்தது.

நான் வரைபடத்தைத் தொட்டுக் காட்டினேன். ஆசாரி சிரித்தார்: "படகுக்கு அடியில யாராச்சும் ஓட்டை போடுவாங்களாம்மா? வரைஞ்சவரு தூக்கக் கலக்கத்துல வரைஞ்சிருப்பாரு. உங்க நல்லதுக்குத்தான் அடைச்சுட்டேன்."

நசுங்கிய பழம்

பிளவை மறுபடி அறுத்துப் பெட்டி கட்டி, மினி லாரியில் ஏற்றினார்கள். காலை பதினொரு மணிக்கு வரவேண்டிய படகு மாலை ஐந்துக்கு வந்தது. அதன் மேல் பூமாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தன. டிரைவர் வழியில் பழனிக்குப் போய், மலையடிவாரத்தில் வாகன பூசை போட்டுவிட்டு வந்திருக்கிறார். நசுக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றப் படகுக்குச் சக்கரம் இல்லை. அதனால் நான்கு பேர் படகைத் தூக்கிப் பழத்தின் மேல் போட்டிருக்கிறார்கள். பெட்டியின் ஓரம் விரிசல் கண்டுவிட்டது.

விரிசலைக் காட்டினேன். டிரைவர் கண்டுகொள்ளவில்லை: "மலையேறுற வண்டிக்கே பூசை போடுறோம், தண்ணியில போறதுக்குப் போடாம விடலாமாங்க? பழம் நல்லா நசுங்குச்சு, இனி ஒரு குறையும் வராது."

எதுக்கு டிக்கெட்

பிசின் தடவி அடைத்தேன். மூடுபனியில் அது காயவே இல்லை. மூன்று நாள் ஹேர் டிரையரோடு தரையில் கிடந்தேன். வேடிக்கை பார்த்த திண்டுக்கல்காரர் ஒருவர் சொன்னார்: "மோட்டாரும் இல்ல, பெடலும் இல்ல. காத்து சும்மா கெடைக்கிறதுதான, அதுக்கு எதுக்குங்க டிக்கெட்?"

முதல் சுற்று

சீசன் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது படகு ஏரியில் இறங்கியது. நான் ஏறப் போனேன். முதலாளி கையை நீட்டித் தடுத்து, "முதல் சுற்று ஆம்பள போகட்டும்" என்று துடுப்புப் படகு ஓட்டும் அண்ணனை ஏற்றினார். அண்ணன் பாய்மரத்தைத் தொட்டதே இல்லை. காற்று அவரை நேராக எதிர்க்கரைக் கோரைக்குள் கொண்டுபோய்ச் செருகியது. "ஏத்தா, வெரசா வா" என்று அங்கிருந்து கத்தினார்.

பெடல் படகில் போய்ப் பாய்மரப் படகில் ஏறிக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துப் பாயை இழுத்தேன். படகு சரிந்து, திரும்பி, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து கரைக்கு வந்தது. அண்ணன் இரண்டு கையாலும் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். கரையில் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரிடம் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது: "அண்ணன் என்ன லாவகமா ஓட்டுறாரு பாருங்க. பின்னாடி அந்தப் புள்ளதான் பாவம், பயந்துபோய் உக்காந்திருக்கு."

இப்போது தினமும் படகை ஓட்டுவது நான்தான், கூட வந்து கும்பிடு வாங்கிக்கொள்வது அண்ணன்.