புதன்கிழமைப் பக்கம்

2024 பெப்ரவரி 11, ஞாயிறு. 5.40க்கு எழும்பினேன். வெளியே மைனஸ் இரண்டு. தேநீர், இரண்டு துண்டு பாண். வாரத்துக்கான ஐந்து சேர்ட்டுகளையும் அயர்ன் பண்ணினேன். 9.30க்கு மேசையைத் துடைத்து, முறைப்பாட்டுக் கோப்பு, அகராதி இரண்டையும் எடுத்து வைத்தேன். இரண்டாவது தேநீர்க் கோப்பையையும் கழுவி வைத்தேன். ஞாயிறு பத்து மணிக்கு வருகிறவரைத் தவிர புலம்பெயர்ந்து வந்து நான் இருக்கும் லாசாலில், என் வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை.

அவர் நகரத்தின் மறுபக்கம், புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். அவருடைய தம்பி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டு, இலங்கைச் சிறையில் பதினாறாவது வருடமாக இருக்கிறார். வழக்கில் இருந்த ஒரே சாட்சியம், அவர் தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் கையெழுத்திட்ட வாக்குமூலம். மேன்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. மீதமிருந்தது ஜெனீவாவில் இருக்கும், நாடுகளுக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் மனித உரிமைக் குழு ஒன்றுதான். அந்த முறைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. இது ஐந்தாவது ஞாயிறு.

முதல் ஞாயிறே அவர் கேட்டிருந்தார், அந்தக் குழு சொன்னால் இலங்கை கேட்குமா என்று. 1997இல் அப்போதைய ஜனாதிபதி அந்த விசாரணைக்குச் சம்மதித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார், ஆகவே கேட்க வேண்டும் என்றேன். ஒரு தாளைக்கூடச் சரிபாராமல் சொன்னேன். நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அப்படி யாருக்கும் பதில் சொன்னதில்லை. ஜனாதிபதி கையெழுத்திட்டால் முடிந்தது என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

கடந்த புதன்கிழமை அடிக்குறிப்பு ஒன்றைத் தேடப்போய், 2006இல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம், அங்கே அதுதான் கடைசி நீதிமன்றம், சொன்ன தீர்ப்பை வாசித்தேன். நாட்டின் சார்பில் ஒப்பந்தம் செய்ய ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சட்டம் ஆக்குவது நாடாளுமன்றத்தின் வேலை, தீர்ப்புச் சொல்வது நீதிமன்றங்களின் வேலை. வெளிநாட்டுக் குழுவொன்றைக் கொண்டுவந்து அந்த இரண்டிலும் கைவைக்கும் அந்த 1997 கையெழுத்து அரசியலமைப்புக்கு முரணானது, உள்நாட்டில் செல்லாது. இரண்டு தடவை வாசித்தேன். தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு மனிதரின் கையெழுத்து எல்லாவற்றையும் செய்துவிடக் கூடாது என்பதுதானே என் விருப்பமும்.

அன்றைய நாட்குறிப்பில் வெப்பநிலையை மட்டும் எழுதினேன். சொன்னால் அவர் வரமாட்டார் என்று தோன்றியது. சொல்லாவிட்டால், முறைப்பாடு முடியும்வரை, இன்னும் இரண்டு ஞாயிறாவது வருவார்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு, "என்ன அண்ணை, இண்டைக்கு உங்கட மணிக்கூட்டையே முந்திட்டன்" என்றார். தேநீர் ஊற்றுவதற்கு முன்பே அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "பகிடி விடாதேங்கோ அண்ணை. அங்க ஜனாதிபதிக்கு இல்லாத அதிகாரமோ?"

"இதுக்கு இல்லை எண்டு கோர்ட் சொல்லிப் போட்டுது."

"ஆளைப் பிடிக்க இருந்தது. அவசரகாலச் சட்டம் போட இருந்தது. எங்களுக்கு உதவுற ஒரேயொரு கையெழுத்து வைக்க மட்டும் இல்லையாமோ?"

நான் இரண்டு கோப்பையிலும் தேநீரை ஊற்றினேன்.

"என்ர தம்பி வாசிக்கத் தெரியாம வைச்ச கையெழுத்து செல்லும். நாட்டை ஆண்ட ஆள் வாசிச்சு வைச்சது செல்லாது. நல்ல சட்டம், அண்ணை."

"ஜெனீவாவில இருக்கிறவை அந்தக் கையெழுத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளினம். முறைப்பாட்டை எடுப்பினம், விசாரிச்சு எழுதுவினம். ஆனா கோர்ட்டுகள் அதைக் கேக்க வேண்டிய கட்டாயம் இல்லை."

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"நாலு நாள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு போன் கோல் எடுத்திருக்கலாம்." பிறகு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "அனுப்புறதோ விடுறதோ, அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார். 10.20க்குக் கதவு சாத்தப்பட்டது. அவருக்காக ஊற்றிய தேநீரையும் நானே குடித்தேன்.

பின்னேரம் வழக்கமாகப் போகும் நூலகத்துக்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தேன். மேல்வீட்டில் யாரோ கதிரையை இழுக்கும் சத்தத்தைக் கேட்டபடி, முறைப்பாட்டின் ஏழாம் பக்கத்தில் நிறுத்திய வசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

6.15க்குக் குரல் செய்தி வந்தது. "அண்ணை, அம்மா அனுப்பச் சொல்லுறா. தம்பிக்கு நடந்ததை ஆராவது ஒருக்கா முழுசா வாசிக்கட்டாம். மிச்சத்தை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கோ. எனக்கு இனி ஞாயிறிலையும் வேலை போட்டிருக்கினம்."

இரண்டு தடவை கேட்டேன். "சரி, முடித்து அனுப்புகிறேன்" என்று பதில் எழுதினேன். ஞாயிறு வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது கோப்பையை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

திங்கள், 5.40. தேநீர்க் கேத்தலை அடுப்பில் வைப்பதற்கு முன் நாட்குறிப்பை எடுத்து, புதன்கிழமைப் பக்கத்தில் வெப்பநிலைக்குக் கீழே, அன்று என்ன வாசித்தேன், யாரிடம் சொல்லாமல் இருந்தேன் என்பதை எழுதினேன்.