நான் விட்டுவிட்ட புள்ளிக்கோடுகள்

கணினியோடு இணைத்திருந்த அந்தக் கறுப்பு ஸ்பீக்கர் முதன்முறையாக ஊமையானபோது அக்கா சிரித்தாள். "இன்னா நைனா, உங்க படத்துக்கு வாயே இல்லியா?"

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். கூட வேலை பார்த்த அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பிறவியிலேயே பார்வை இல்லை. சேக்காட்டிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். திரையில் இருக்கும் எழுத்தை ஸ்பீக்கர் படிக்கப் படிக்க, எங்களைவிட வேகமாகப் புரோகிராம் எழுதுவாள். பல இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பிய பிறகு கிடைத்த வேலை. இதுவும் போனால் வேறு கதியில்லை என்று அவளே சொல்வாள். அந்த நேரத்தில்தான், புரோகிராம் செய்ய வேண்டியதைப் பெட்டியும் கோடுமாக வரைந்து காட்டும் புதுக் கருவி வந்தது. எங்களுக்கு அது விளையாட்டு. படத்தில் ஸ்பீக்கருக்குப் படிக்க ஒன்றுமில்லை.

நான் பெரிய மனது பண்ணி, படத்தை வரிவரியாக எழுத்தாக்கும் ஒரு புரோகிராம் எழுதினேன். எந்தப் பெட்டியிலிருந்து எதற்குக் கோடு போகிறது என்று ஸ்பீக்கர் சொன்னது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பதான் நைனா எனக்கும் படம் தெரியுது." எப்போதாவது நடப்பவற்றுக்குப் படங்களில் புள்ளிக்கோடுகளும் உண்டு. அதையும் சேர்த்தால் பட்டியல் நீளும், பாவம், குழம்பிப்போவாள் என்று நானே விட்டுவிட்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன திமிர் எனக்கு.

ஒரு கம்பெனிக்காக அக்கா எழுதிய புரோகிராமின் படத்தில், ரத்தான ஆர்டரைக் கிடங்குக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒரு புள்ளிக்கோட்டில்தான் இருந்தது. அக்காவுக்கு அது தெரியாததால் புரோகிராமில் விடுபட்டுப்போனது. வேண்டாமென்ற சரக்கெல்லாம் லாரி ஏறிப் போய்விட்டது. மேலாளர் எல்லோர் முன்னாலும் கத்தினார். "படத்துல தெளிவா கீது. கண்ணு தெரியாதவங்கள வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நாலு வாட்டி ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுட்டேன் நைனா. அந்தக் கோடு வர்ல. நீயாவது சொல்லு."

மேலாளர் என்னையே பார்த்தார். "என் புரோகிராம் எல்லாக் கோட்டையும் படிக்கும் சார்" என்றேன்.

"அப்ப எனக்குக் காதும் போச்சா நைனா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குப் பார்வையில்லாதவர்களுக்கான கருவிகள் எவ்வளவோ படிக்கின்றன. எனக்கு மட்டும் இன்னமும் சேக்காடு பக்கம் போக முகமில்லை. அவளை நிறுத்திய மறுநாள் காலையிலேயே, புள்ளிக்கோடுகளையும் படிக்கும்படி என் புரோகிராமைத் திருத்தினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உட்கார்ந்து கேட்கத்தான் ஆளில்லை.